ஊரிலிருந்து உள்ளத்துக்கு

மொழி எதற்கு என்று கேட்டால் பாடநூல்கள் இரண்டு பட்டியல்களை நீட்டும். முதல் பட்டியல் சமூகத்துக்கு உரியது: செய்தி சொல்வது, உறவு பேணுவது, பேரம் பேசுவது, கட்டளையிடுவது, முன்னோரின் அறிவைப் பின்னோரிடம் சேர்ப்பது. இரண்டாவது தனிமனிதருக்கு உரியது: சிந்திப்பது, நினைவில் நிறுத்துவது, நாளைக்குத் திட்டமிடுவது, தன் உணர்வைத் தானே இன்னதென்று அறிவது. தேர்வில் எழுத இந்தப் பிரிவினை வசதியானது. ஆனால், முதல் பட்டியலில் உள்ள எதற்கும் வழியில்லாமல் வளர்ந்த ஒருவரிடம் இரண்டாவது பட்டியல் என்ன நிலையில் இருக்கும்? அவர் தனக்கென்று ஒரு மொழியைப் படைத்துக்கொண்டு சிந்திப்பாரா? ஊரோடு பேசக் கிடைக்காத மனிதரால் தன்னோடு பேசிக்கொள்ள முடியுமா? மொழியாய்வில் இதைவிட ஆழமான கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை அரசர்களுக்கே வந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்பர் சில கைக்குழந்தைகளை மனிதப் பேச்சு காதில் விழாத தனிக் கட்டடம் ஒன்றில் வைத்து, வாய் திறவாத செவிலியரைக் கொண்டு வளர்க்கச் செய்தார். சில ஆண்டுகள் கழித்து அங்கே போய்ப் பார்த்தபோது பேச்சென்று எதுவும் எழவில்லை என அபுல் ஃபசலின் 'அக்பர் நாமா' பதிவு செய்கிறது. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது. ஆனால், பேரரசர் யாரும் ஆணையிடாமலேயே இந்த நிலைக்கு ஆளாகும் குழந்தைகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புகளின்படி, காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பெற்றோருக்குச் சைகை மொழி தெரியாது. குழந்தைக்குப் பேச்சு கேட்காது. பாசத்துக்குக் குறைவில்லாத வீட்டில், மொழி மட்டும் இல்லாமல் அந்தக் குழந்தை வளர்கிறது.

மத்திய அமெரிக்காவின் நிகரகுவாவில் 1970களின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய எல்லாக் காது கேளாதோரின் வாழ்க்கையும் இப்படித்தான் இருந்தது. ஒருவரை ஒருவர் சந்திக்க அவர்களுக்கு இடமில்லை. வீட்டுக்கு வீடு தனித்தனியாக உருவான சில சைகைகளே அவர்களிடம் இருந்தன. 1977இல் தலைநகர் மனாகுவாவின் சான் ஹூதாஸ் பகுதியில் சிறப்புக் கல்விக்கான பள்ளி ஒன்று ஏறத்தாழ 50 காது கேளாத குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. 1979இல் சாந்தினிஸ்தா புரட்சி வென்றது. எழுத்தறிவு இயக்கத்தில் முனைப்புக் காட்டிய புதிய அரசு சிறப்புக் கல்வியையும் விரிவாக்கியது. 1980இல் வில்லா லிபர்தாதில் வளரிளம் பருவத்தினருக்கான தொழிற்பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1983 வாக்கில் இரண்டு பள்ளிகளிலும் சேர்த்து 400க்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள்.

ஆசிரியர்கள் அங்கே கற்பித்தது சைகை மொழி அல்ல. உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் மொழியைப் புரிந்துகொள்ளவும் உச்சரிக்கவும் குழந்தைகளைப் பழக்கினார்கள். அந்த முயற்சி பெரும்பாலும் தோற்றது. ஆனால், விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் தெருவிலும் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகள் ஒன்றோடொன்று மோதி, கலந்து, பொதுவாயின. சில ஆண்டுகளில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஆசிரியர்களுக்குப் புரியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள 1986இல் கல்வி அமைச்சகம் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளரை அழைத்தது. யாரும் கற்பிக்காத, முன்பு எங்கும் இல்லாத ஒரு மொழி பிறந்துகொண்டிருப்பதை அவர் கண்டார். இன்று அதன் பெயர் நிகரகுவா சைகை மொழி.

முதலில் வந்த பிள்ளைகள் கொண்டுவந்ததைச் சேர்த்தார்கள்; பின்னால் வந்த சிறு குழந்தைகளோ அதைக் கற்கும்போதே மாற்றினார்கள். ஆன் செங்காஸும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. பள்ளிக்கு வந்த காலத்தை வைத்து மூன்று தலைமுறைகளாகப் பிரித்து, தலைமுறைக்குப் பத்துப் பேரிடம் ஒரு கார்ட்டூன் படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். அதில் பூனை ஒன்று பந்தை விழுங்கிவிட்டுச் சரிவில் உருண்டு இறங்கும். காது கேட்கும் நிகரகுவா மக்கள் பேசும்போது கையை அசைத்தால், உருள்வதையும் இறங்குவதையும் ஒரே அசைவில் காட்டிவிடுகிறார்கள். கண்ணால் கண்டது அப்படியே கையில் வருகிறது. முதல் தலைமுறைச் சைகையாளர்களும் பெரும்பாலும் அப்படியே செய்தார்கள். அடுத்த இரண்டு தலைமுறைகளும் அந்த ஒரே காட்சியை இரண்டாக உடைத்தன: முதலில் உருளுதல், அடுத்து இறங்குதல். படம் போல இருந்தது கூறுகளாகப் பிரிந்தது. பிரிந்த கூறுகளைப் புதிய புதிய வகையில் சேர்க்கலாம். உருளுதலை ஏறுதலோடும் சேர்க்கலாம், இறங்குதலைக் குதித்தலோடும் சேர்க்கலாம். கைவீச்சு மொழியாகும் இடம் அதுதான். அதைச் செய்தவர்கள் பத்து வயதுக்கும் குறைந்த சிறுவர் சிறுமியர்.

இதே குழந்தைகள் தங்கள் வீடுகளிலேயே இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? வீட்டுச் சைகைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த சூசன் கோல்டின்-மேடோ, தனித்து வளரும் காது கேளாத குழந்தைகூட வெறுமனே கையை ஆட்டுவதில்லை என்று காட்டியிருக்கிறார். பொருளைச் சுட்டவும் செயலைக் காட்டவும் தனித்தனிச் சைகைகளை அது வைத்துக்கொள்கிறது; அவற்றை ஓர் ஒழுங்கில் அடுக்குகிறது. அந்த ஒழுங்கு அம்மாவிடமிருந்து வந்ததும் அல்ல, ஏனெனில் அம்மாவின் கையசைவில் அந்த ஒழுங்கு இல்லை. மனித மனத்துக்கு மொழியை நோக்கிய உந்துதல் எவ்வளவு வலியது என்பதற்கு இது சான்று. ஆனால், அந்த வளர்ச்சி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நிகரகுவாவில் பள்ளிக்கு வராமல் வீட்டுச் சைகையோடு பெரியவர்களான சிலரை மேரி கோப்போலா தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்கள் சொல்வதை அவர்களுடைய அம்மாக்களைவிட, முன்பின் அறியாத அமெரிக்கச் சைகை மொழிக்காரர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்ற முடிவு வந்தது. இதை முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஆயுள் முழுக்கக் கூடவே இருந்த அம்மாவுக்கு அந்தக் கைகளின் இலக்கணம் எட்டவில்லை.

வீட்டுச் சைகைக்காரர் சொல்கிறார்; ஆனால் அதே மொழியில் யாரும் அவருக்குத் திருப்பிச் சொல்வதில்லை. அவர் பேசுபவர் மட்டுமே, கேட்பவராக ஆனதே இல்லை. மொழி வளரத் தேவையானது இந்தத் திரும்பி வரும் பேச்சு. பள்ளித் திடலில் அந்த முதல் 50 பேருக்குக் கிடைத்ததும் அதுவே.

சமூகத்தில் மொழி செய்யும் வேலை என்றவுடன் செய்தி சொல்வதுதான் நினைவுக்கு வருகிறது. குழந்தைகளைக் கவனித்தவர்கள் வேறுவிதமாகச் சொல்கிறார்கள். மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே தன் மகனின் பேச்சை ஒன்பது மாத வயதிலிருந்து குறிப்பெடுத்து 1975இல் ஒரு நூல் வெளியிட்டார். வேண்டியதைக் கேட்பது, பிறரை ஒன்றைச் செய்ய வைப்பது, சேர்ந்திருப்பது, தன்னைக் காட்டிக்கொள்வது, ஏன் என்று கேட்பது, கற்பனையில் ஆடுவது என்று ஒவ்வொன்றாக வந்தன. எதிரில் உள்ளவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிப்பது மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. மனித மொழியின் முதல் வேலை என்று நாம் நினைப்பது குழந்தையிடம் இறுதியாக முளைக்கிறது. பெரியவர்களான பிறகும் நம் பேச்சில் செய்தி குறைவுதான். ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் களப்பணி செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, எந்தத் தகவலும் தராத, கூடியிருப்பதற்காகவே பேசும் பேச்சைத் தனி வகையாக 1923இல் அடையாளம் கண்டார். 'சாப்பிட்டாச்சா?' என்று தெருவில் கேட்பவர் நம் வயிற்று நிலவரத்தை அறிய விரும்புவதில்லை. ராபின் டன்பார் பொது இடங்களின் உரையாடல்களைக் கவனித்து, பேச்சு நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களையும் உறவுகளையும் பற்றியதே என்று கணித்தார்.

ஆக, குழந்தை முதலில் நுழைவது உறவுக்குள். மொழி அந்த உறவின் வழியாக அதற்குக் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்த மொழி பிறகு தனி மனத்துக்குள் எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு இன்றும் அசையாமல் நிற்கும் விடையைச் சொன்னவர் சோவியத் உளவியலாளர் லெவ் விகோத்ஸ்கி. 1896இல் பிறந்து, 37 வயதில் காசநோயால் 1934இல் இறந்தவர். 'சிந்தனையும் பேச்சும்' என்ற அவரது நூல் அவர் இறந்த அதே ஆண்டில் வெளியாயிற்று. அடுத்த இரண்டே ஆண்டுகளில் சோவியத் அரசின் கல்விக் கொள்கை மாறியதால் அவரது எழுத்துகள் ஓரங்கட்டப்பட்டன. 1956 வரை அந்த நூலுக்கு மறுபதிப்பு இல்லை. அந்த இருபது ஆண்டு மௌனம் உலக உளவியலுக்கு நேர்ந்த பேரிழப்பு.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் விளையாடும்போது தமக்குத்தாமே உரக்கப் பேசிக்கொள்வதைப் பார்த்திருப்போம். 'இப்ப இதை இங்க வெக்கணும், இல்ல, விழுந்துடும்' என்று யாரையும் பாராமல் ஒரு பேச்சு ஓடும். சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1923இல் வெளியிட்ட நூலில், பிறரின் பார்வையை எண்ணிப்பார்க்க இயலாத குழந்தை மனத்தின் அடையாளம் இது என்றார். குழந்தை முதலில் தனக்குள் அடைபட்ட தனியாள். மெல்ல மெல்லச் சமூகத்துக்கு வருகிறது, அப்போது இந்தப் பேச்சு உதிர்ந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. விகோத்ஸ்கி இதைத் தலைகீழாகப் புரட்டினார். குழந்தை தொடக்கத்திலிருந்தே சமூகத்தில் இருக்கிறது; பிறரோடு பேசக் கற்ற பேச்சைத் தன்னை நடத்திக்கொள்ளவும் பயன்படுத்தத் தொடங்குகிறது. அந்த உரத்த பேச்சு உதிர்ந்து போவதில்லை, ஓசை குறைந்து உள்ளே போகிறது. பள்ளி வயதில் அது அகப்பேச்சாகிறது.

இதைச் சொல்லோடு விடாமல் அவர் சோதித்தும் பார்த்தார். வரைந்துகொண்டிருக்கும் குழந்தைக்குத் தாளோ வேண்டிய நிறப் பென்சிலோ கிடைக்காதபடி செய்தார். தடை வந்ததும் தனக்குத்தானே பேசும் பேச்சு ஏறக்குறைய இருமடங்காயிற்று. அப்படியானால் அது வெற்றுப் புலம்பல் அல்ல, சிக்கலைத் தீர்க்கும் முயற்சி. அடுத்த சோதனை இன்னும் நுட்பமானது. குழந்தையைக் காது கேளாத பிள்ளைகள் நடுவிலோ, வேற்று மொழி பேசும் பிள்ளைகள் நடுவிலோ விளையாட விட்டார். தன் பேச்சு யாருக்கும் புரியாது என்ற நிலை வந்தவுடன் தனக்குத்தானே பேசும் பேச்சும் பெருமளவு அடங்கிப்போயிற்று. யாரும் கேட்க வேண்டாத பேச்சு என்றால், கேட்க ஆளில்லாதபோது ஏன் குறைய வேண்டும்? ஆரம்ப நிலையில் அந்தப் பேச்சுக்குள் 'யாரோ கேட்கிறார்கள்' என்ற உணர்வு இருக்கிறது. பிறருக்கான பேச்சிலிருந்து தனக்கான பேச்சு இன்னும் முழுதாகப் பிரியவில்லை. எனக்குத் தெரிந்து, மொழியின் இரு பயன்களையும் பிரிக்கும் கோடு ஒரு குழந்தையின் வாயில் இவ்வளவு தெளிவாகக் கண்ணில் பட்ட வேறு சோதனை இல்லை.

விகோத்ஸ்கி சொன்னது சரியென்றால், பிறரோடு பேசும் வாய்ப்பே கிடைக்காதவரிடம் சில மன ஆற்றல்கள் வளராமல் நிற்க வேண்டும். நிகரகுவா இங்கேதான் மீண்டும் வருகிறது.

மற்றவர் மனத்தில் நமக்குத் தெரிந்ததற்கு மாறான எண்ணம் இருக்கக்கூடும் என்று புரிந்துகொள்வது மனித உறவுகளின் அடித்தளம். ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் 1983இல் இதற்கு எளிய சோதனை ஒன்றை அமைத்தார்கள். சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை, சாக்லேட் உண்மையில் இருக்கும் இடத்தைக் காட்டும். நான்கைந்து வயதில், சிறுவன் தான் வைத்த இடத்தில்தான் தேடுவான் என்று புரிந்துவிடுகிறது. 1995இல் ஆஸ்திரேலியாவில் கேண்டிடா பீட்டர்சனும் மைக்கேல் சீகலும், காது கேட்கும் குடும்பங்களில் வளர்ந்த காது கேளாத பிள்ளைகள் எட்டு வயதைத் தாண்டியும் இதில் தடுமாறுவதைக் கண்டார்கள். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, தொட்டிலிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தத் தாமதம் இல்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. செவிக்கு இதில் பங்கில்லை. வீட்டில் உரையாடல் இருந்ததா என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது.

ஜென்னி பயர்ஸும் செங்காஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெரியவர்களிடம் கொண்டுபோயிற்று. நிகரகுவா சைகை மொழியின் முதல் தலைமுறையினர் அப்போது இருபதுகளில் இருந்தவர்கள். வேலை செய்பவர்கள், உலகம் பார்த்தவர்கள். அவர்களது மொழியில் விருப்பத்தைச் சொல்லும் சைகைகள் இருந்தன. 'நினைக்கிறான்', 'அவனுக்குத் தெரியாது' போன்ற, மனத்தின் எண்ணத்தைச் சொல்லும் சைகைகள் மிகக் குறைவு. இளைய தலைமுறையிடம் அவை தாராளமாக இருந்தன. பேச்சு அதிகம் தேவைப்படாத படக்கதைச் சோதனையில் இளையவர்கள் தேறினார்கள். மூத்தவர்களில் பெரும்பாலோர் தேறவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் மீண்டும் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் காது கேளாதோர் சங்கத்தில் இளையவர்களோடு மூத்தவர்கள் அதிகமாகப் பழகியிருந்தார்கள். மனத்தைப் பற்றிய சைகைகள் அவர்கள் பேச்சில் ஏறியிருந்தன. சோதனையிலும் தேறினார்கள். சொல் வந்த பிறகே சோதனையில் தேர்ச்சி வந்தது. சொல் வராமல் தேறியவர் இல்லை.

ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மிகச் சிலரே என்பதை மறக்கக் கூடாது. மாற்றத்தைத் தந்தது சொல்லா, சொல்லோடு வந்த சகவாசமா என்றும் கேட்கலாம். என் பார்வையில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாததே இந்த ஆய்வின் சாரம். அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்பதைப் பற்றிய பேச்சு நடக்கும் இடத்தில்தான் அந்தச் சொல் பிறக்கிறது. அந்தப் பேச்சில் கலந்தவர்தான் அடுத்தவர் மனத்தைத் தனியாக இருக்கும்போதும் எண்ணிப் பார்க்கிறார். புறணி பேசுவதைக்கூட நாம் இந்த நோக்கில் கொஞ்சம் மதிக்க வேண்டும்.

எண்ணைப் பற்றிய சான்று இன்னும் வியப்பானது. எலிசபெத் ஸ்பேப்பன் முதலியோர் 2011இல், நிகரகுவாவில் வீட்டுச் சைகை மட்டுமே அறிந்த நான்கு பெரியவர்களை ஆராய்ந்தார்கள். நால்வரும் உழைத்துச் சம்பாதிப்பவர்கள், பணத்தைக் கையாள்பவர்கள், எண்ணைக் காட்ட விரல்களையும் பயன்படுத்துபவர்கள். ஆனாலும், மூன்றைத் தாண்டியதும் அவர்கள் காட்டிய விரல்கள் ஏறக்குறைய மட்டுமே பொருந்தின. ஏழுக்கு ஆறோ எட்டோ வந்தது. முன்னால் வைத்த பொருள்களுக்குச் சமமான எண்ணிக்கையில் வேறு பொருள்களை வைக்கச் சொன்னபோதும் இதே நிலை. பள்ளி செல்லாத, காது கேட்கும் நிகரகுவா மக்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சைகை மொழி அறிந்த காது கேளாதோருக்கும் இல்லை. பணப் புழக்கம் உள்ள சமூகத்தில் வாழ்வது மட்டும் துல்லியமான எண்ணைத் தந்துவிடாது. குழந்தைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ராகம் போட்டு ஒப்பிப்பதைக் கவனியுங்கள். கண்ணாமூச்சியில் பத்து வரை சொல்லும் பிள்ளையிடம் ஐந்து கல் எடுத்துத் தா என்றால் ஒரு பிடி அள்ளித் தரும். ஒப்பிப்பது முதலில் வீட்டாரோடு சேர்ந்து ஆடும் ஆட்டம். அது எண்ணும் கருவியாக மாற ஓரிரு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆட்டத்துக்கு ஆள் இல்லாதவருக்குக் கருவியும் கிடைக்காது.

இடத்தை நினைவில் வைப்பதிலும் இதைப் போன்ற முடிவு வந்தது. இடப்பக்கம், வலப்பக்கம் என்பதை ஒரே சீராகச் சைகையில் சொல்லத் தெரிந்த இரண்டாம் தலைமுறையினர், கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்ட பிறகும் ஒளித்த பொருளை மூத்தவர்களைவிட நன்றாகக் கண்டெடுத்தார்கள் என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது.

இத்தனையையும் கேட்ட பிறகு மொழியே சிந்தனை என்று முடிவுகட்டத் தோன்றும். அது தவறு. மறுபக்கச் சான்று வலுவானது, அதை மூடி மறைப்பது நேர்மையல்ல. பக்கவாதத்தால் மூளையின் இடப்பக்கம் பெரிதும் சேதமடைந்து, பேசும் ஆற்றலையும் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆற்றலையும் ஏறக்குறைய முற்றிலும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். ரோஸ்மேரி வார்லி இத்தகையவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2005இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் வந்த மூவருக்கும், ஒரு வாக்கியத்தில் யார் யாரை அடித்தார் என்று பிரித்தறிய முடியவில்லை. ஆனால் 59இலிருந்து 13ஐக் கழிப்பதும் 13இலிருந்து 59ஐக் கழிப்பதும் வேறு என்று தெரிந்தது; அடைப்புக்குறிக் கணக்குகளையும் போட்டார்கள். இலக்கணம் சிதைந்துபோன ஒருவர் பிறர் மனம் அறியும் சோதனையில் தேறியதை வார்லியும் சீகலும் 2000இலேயே காட்டியிருந்தார்கள். எவலினா ஃபெடரன்கோவும் அவர் சகாக்களும் 2024இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இவற்றையெல்லாம் தொகுக்கிறது. மூளையில் மொழிக்கென்று இயங்கும் பகுதிகள், நாம் கணக்குப் போடும்போதும் தர்க்கம் செய்யும்போதும் பெரும்பாலும் அமைதியாக இருக்கின்றன என்று ஸ்கேன் படங்கள் சொல்கின்றன. மொழி அடிப்படையில் பிறருடன் தொடர்புகொள்ளும் கருவி, சிந்தனையின் கருவி அல்ல என்பது அவர்கள் முடிவு. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி பல்லாண்டுகளாக வாதிட்டு வந்ததற்கு இது நேர் எதிர்: மொழி முதலில் உள்ளே சிந்திப்பதற்காகவே தோன்றியது, பேச்சு அதன் பக்க விளைவு என்பவர் அவர்.

இந்த இரண்டு சான்றுகளும் மோதுகின்றனவா? மனிதரின் வயதைக் கவனித்தால் மோதல் கரைகிறது. வார்லி சந்தித்தவர்கள் பல பத்தாண்டுகள் பேசி, கணக்குப் போட்டு, பழகி வாழ்ந்த பிறகு மொழியை இழந்தவர்கள். மனாகுவாவின் முதல் தலைமுறையினர் அதைத் தாமதமாகப் பெற்றவர்கள். வீட்டுச் சைகைக்காரர்கள் பெறவே இல்லை. கட்டடம் எழும்பும்வரை சாரம் வேண்டும். தளம் இறுகிய பிறகு சாரத்தைப் பிரித்தால் கட்டடம் விழுந்துவிடாது. சாரமே இல்லாமல் மேல்தளம் எழும்பியது என்று அதற்குப் பொருளும் இல்லை. ஸ்கேன் படங்கள் காட்டுவது வளர்ந்து முடிந்த மூளையை. அது எப்படி வளர்ந்தது என்பதை அவை சொல்வதில்லை. ஆகவே ஃபெடரன்கோவின் முடிவில் பாதியை மனமார ஏற்கிறேன்: மொழி முதன்மையாகப் பிறரை நோக்கியது. மறு பாதிக்கு விகோத்ஸ்கியின் திருத்தம் தேவை: பிறரை நோக்கியதாக இருப்பதாலேயே அது மனத்தைக் கட்டுகிறது.

அகப்பேச்சு என்றவுடன் பலர் காதுக்குள் கேட்கும் ஒரு குரலை நினைக்கிறார்கள். குரல் கட்டாயமில்லை. சைகை மொழியில் வளர்ந்தவர்கள் தமக்குள் சைகையாகவே சிந்திப்பதாகச் சொல்கிறார்கள். மூளையின் இடப்பாதி சேதமடைந்த சைகையாளர்களுக்கு, பேசுவோருக்கு வருவது போன்ற மொழியிழப்பே வருவதை உர்சுலா பெல்லூஜி குழுவினர் 1980களில் நிறுவினார்கள். கை நன்றாக அசையும், சைகையின் இலக்கணம் மட்டும் உடைந்திருக்கும். காது கேளாத பெற்றோரின் காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுவதை லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் 1991இல் பதிவு செய்தார்கள். மூளைக்கு வேண்டியது மொழி. அது வாய் வழி வருகிறதா கை வழி வருகிறதா என்பதில் அதற்குப் பிடிவாதம் இல்லை.

பிடிவாதம் இருந்தது கல்வியாளர்களிடம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சர்வதேச மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகையை ஒதுக்கி வாய்ப்பேச்சை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானித்தது. கலந்துகொண்ட 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்தத் தீர்மானம் உலகெங்கும் பள்ளிகளை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. மனாகுவா ஆசிரியர்கள் உதட்டசைவைக் கற்பித்ததும் அதன் தொடர்ச்சியே. 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழி அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றி நியமிக்கச் சொல்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை இந்தியச் சைகை மொழியை நாடு முழுவதும் ஒழுங்குபடுத்துவது பற்றிப் பேசுகிறது. இவை பள்ளி வயதுக்கானவை. நாம் இதுவரை பார்த்த சான்றுகள் சுட்டுவதோ அதற்கு முந்தைய வயதை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை இலவசமாகப் பொருத்துகிறார்கள். அது பெரிய கொடை. பல குழந்தைகளுக்குப் பேச்சுலகைத் திறந்திருக்கிறது. ஆனால் குறையைக் கண்டறிவது, பரிசோதனைகள், அறுவை சிகிச்சை, அதன் பிறகு கேட்டுப் பழகும் பயிற்சி என்று மாதங்களும் ஆண்டுகளும் ஓடுகின்றன. எல்லாக் குழந்தைக்கும் பலன் ஒரே அளவில் கிடைப்பதும் இல்லை. அந்த இடைவெளி முழுவதும் குழந்தைக்கு எந்த மொழியும் கிடைக்காமல் போகலாம்.

'சைகை காட்டாதீர்கள், காட்டினால் பேச்சு வராது' என்ற அறிவுரை இன்றும் பெற்றோர் காதில் விழுகிறது. ரேச்சல் மேபரியும் சகாக்களும் 2002இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு இதற்கு எதிரானது. சிறு வயதில் ஏதேனும் ஒரு மொழியை, பேச்சோ சைகையோ, நன்றாகப் பெற்றிருந்த காது கேளாதோர் பிற்காலத்தில் இன்னொரு மொழியை நன்றாகக் கற்றார்கள். எதுவும் பெறாமல் வளர்ந்தவர்களே பின்தங்கினார்கள். ஆகவே, பரிசோதனை முடிவைப் பெற்றோர் கையில் கொடுக்கும் அதே நாளில், சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரை அந்தக் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அம்மாவும் அப்பாவும் பாட்டியும் அண்ணனும் அவரிடம் கற்க வேண்டும். குழந்தையின் முன்னால் தங்களுக்குள்ளும் சைகையில் பேசிக்கொள்ள வேண்டும். கருவி வந்த பிறகு அந்தப் பழக்கம் தேவைப்படாமல் போனாலும் குழந்தைக்கு நட்டம் எதுவும் இல்லை. காது கேளாதோர் சங்கங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. இந்த வேலைக்கு வேண்டிய ஆசிரியர்களை அங்கே தேடலாம். அவர்களுக்கு ஊதியம் கொடுத்து மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவோடு இணைப்பது அரசு எடுக்க வேண்டிய முடிவு.